அள்ளி விழுங்கும் முயலுக்கு எந்தத் தீவனம்? கொளத்தூரில் வாங்கிப் பார்த்தவை பற்றி ஒரு மதிப்பீடு

வண்ண மீன்களுக்குப் பேர்போன கொளத்தூரில் முயல் தீவனமும் கிடைக்கும் என்பது வடசென்னையில் முயல் வளர்ப்பவர்கள் பலருக்கும் தெரியும். ஆனால் அங்கே ஒரே அலமாரியில் அடுத்தடுத்து அடுக்கி விற்கப்படும் பொருள்களில், கிண்ணத்தை வைத்தவுடன் பாய்ந்து வந்து மெல்லாமல் விழுங்கும் முயலுக்கு எது ஏற்றது, எது ஆகாது என்பதை உறையில் அச்சிட்ட படத்தைக் கொண்டோ விலையைக் கொண்டோ தீர்மானிக்க முடியாது. பெரம்பூரில் எங்கள் வீட்டில் இருக்கும் இரண்டு முயல்களில் பெரியது அப்படி விழுங்கும் வகை. அதற்காக வாங்கிப் பார்த்த உலர்புல், சில்லறை பெல்லட் (தீவனத்தை அரைத்து அழுத்திச் செய்த சிறு உருளைத் துண்டுகள்), இறக்குமதி பெல்லட், வண்ணக் கலவைத் தீவனம், உருட்டித் தின்னும் பந்து ஆகியவற்றைப் பற்றியது இந்த மதிப்பீடு. முடிவை முன்னதாகவே சொல்லிவிடுவது நல்லது: கையில் இருக்கும் பணம் ஒரே ஒரு பொருளுக்குத்தான் போதும் என்றால் அதை உலர்புல்லுக்குச் செலவிடுங்கள்; வண்ணக் கலவையை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வேகமாகத் தின்பதில் என்ன ஆபத்து என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இந்தப் பொருள்களை எடைபோட முடியும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. சரியாக மெல்லாத பெல்லட் எச்சிலில் ஊறிப் பருத்துத் தொண்டையிலோ உணவுக்குழாயிலோ சிக்கிக்கொண்டால், நாயோ பூனையோ கக்கித் தப்பித்துக்கொள்வதுபோல் அதனால் தப்பிக்க இயலாது. தலையை மேல்நோக்கி நீட்டுவது, மூக்குத் துவாரங்கள் விரிந்து விரிந்து அடங்குவது, வாயிலிருந்து எச்சில் ஒழுகுவது, உதடு நீலம் பாரிப்பது ஆகியவை அடைப்பின் அறிகுறிகள். அவற்றைக் கண்டால் வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இது கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. தெரியாத ஆபத்து வயிற்றுக்குள் நடப்பது. மாவுச்சத்து மிகுந்த தீவனம் மொத்தமாக உள்ளே போகும்போது, நாரை நொதிக்கவைப்பதற்காகவே அமைந்த சீக்கம் என்னும் குடற்பையில் இருக்கும் நுண்ணுயிர்களின் சமநிலை குலைந்து, வாயு சேர்ந்து, நாளடைவில் குடலின் இயக்கமே மந்தப்பட்டுப்போகிறது.

முயல் ஏன் அப்படி விழுங்குகிறது என்ற கேள்வியைக் கடைகளில் யாரும் கேட்பதில்லை. பகலும் இரவுமாகச் சிறிது சிறிதாகப் புல்லைக் கடித்துக்கொண்டே இருக்கும்படி அமைந்த உடல் அது. அதற்குப் புல்லே வைக்காமல், காலையிலும் மாலையிலும் ஒரு கைப்பிடி பெல்லட்டை மட்டும் கொட்டினால், பந்தி தொடங்கும் நேரம் தெரிந்த பசிக்காரனைப்போல் அது கிண்ணத்தருகே காத்திருந்து பாயத்தான் செய்யும். ஒரே கிண்ணத்தில் இரண்டு முயல்கள் தின்றால் போட்டியும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே வேகத்தைக் குறைக்கும் கிண்ணம், பந்து என்று தேடுவதற்கு முன்பு தீவனத்தின் விகிதத்தை மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து. வளர்ந்த முயலின் உணவில் ஏறத்தாழ 80 சதவீதம் புல்லாகவோ உலர்புல்லாகவோ இருக்க வேண்டும், பெல்லட், முயலின் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 25 கிராமைத் தாண்டக் கூடாது, மீதி கீரை.

முதலில் உலர்புல். கடைகளில் 'டிமோதி ஹே' என்று கேட்டால்தான் எடுத்துத் தருகிறார்கள். ஒரு கிலோ 800 ரூபாயை ஒட்டி வந்தது. முயலையே அதைவிடக் குறைந்த விலைக்கு விற்கும் ஊரில் இது அதிகம்தான். நான் வாங்கிய உறையைப் பிரித்தவுடன் தேயிலையும் காய்ந்த வயல்வரப்பும் கலந்ததுபோன்ற வாசனை வந்தது. தண்டுகள் ஒரு சாண் நீளத்துக்கு முறியாமல் இருந்தன; நிறம் முழுப் பச்சையும் இல்லை, பழுப்பும் இல்லை. ஒரு கைப்பிடியை எடுத்துக் கறுப்புத் துணியின்மேல் உதறிப் பார்த்ததில் கொஞ்சம் விதைத் தூளும் பூந்தாதும் விழுந்தனவே தவிர, வெண்மையான பொடி எதுவும் விழவில்லை. இந்தச் சோதனையை எல்லோரும் செய்து பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்த வெண்பொடி பெரும்பாலும் பூஞ்சணமாக இருக்கும். கடல் காற்று வீசும் தண்டையார்பேட்டை, இராயபுரம் பக்கங்களில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புல் பூஞ்சணம் பிடிக்க அதிக நாள் தேவையில்லை. உறையைப் பிரித்தபின் பிளாஸ்டிக்கிலேயே இறுக்கிக் கட்டி வைக்காமல், பருத்திச் சாக்கிலோ பழைய தலையணை உறையிலோ போட்டுத் தரையில் படாமல் தொங்கவிட்டால் நன்றாக இருக்கிறது.

விழுங்கும் முயலுக்கு இதனால் என்ன பயன் என்றால், நீண்ட தண்டை விழுங்க முடியாது என்பதுதான். அதைக் கடைவாயில் பக்கவாட்டாக அரைத்தே தீர வேண்டும். பெரியது ஒரு தண்டின் நுனியைப் பிடித்து, அது மெல்ல மெல்ல உள்ளே இழுபட்டு மறையும்வரை தாடையை அசைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் பெல்லட்டை அள்ளும் அதே முயல்தானா இது என்று தோன்றும். வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும் அதன் பற்கள் தேய்வதற்கும் இந்த அரைப்புதான் வழி. உலர்புல் எப்போதும் கூண்டில் நிறைந்திருக்கும்படி பார்த்துக்கொண்ட பிறகு, பெல்லட் கிண்ணத்தின்மேல் அதற்கு இருந்த வெறி கண்கூடாகத் தணிந்தது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்குக் குதிரைமசால் (அல்ஃபால்ஃபா) உலர்புல் கொடுக்கலாம். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதில் அதிகம். வளர்ந்த முயலுக்கு அதையே தினமும் கொடுத்தால் அந்தச் சுண்ணாம்பு சிறுநீர்ப்பையில் மணலாகப் படியக்கூடும். கடைக்காரர்கள் இரண்டையும் வேறுபடுத்திச் சொல்வதில்லை. பச்சையாக இருப்பதால் குதிரைமசாலையே முதலில் எடுத்து நீட்டுகிறார்கள்.

800 ரூபாய் கட்டுப்படியாகாதவர்களுக்கு வடசென்னையில் மாற்று உண்டு. பிள்ளையார் கோயில் வாசல்களில் பூக்காரம்மாக்கள் விற்கும் அருகம்புல் முயலுக்கு மிக நல்ல தீவனம். விநாயகர் சதுர்த்தியை ஒட்டி விலை ஏறும். மற்ற நாள்களில் ஒரு பெரிய கட்டு பத்து, இருபது ரூபாய்க்குள் அடங்கிவிடும். மாலையாகக் கட்டியதை வாங்காமல் உதிரியாக வாங்குங்கள். மாலையில் வாழைநாருடன் சில நேரம் நூலும் சேர்ந்திருக்கும், விழுங்கும் முயல் அதையும் சேர்த்தே விழுங்கும். எங்கிருந்து அறுத்து வந்தது என்று கேட்டுக்கொண்டு, நன்றாக அலசிக் கொடுக்க வேண்டும். மொட்டை மாடியில் உலர்த்திச் சேமிக்கலாம்தான். ஆனால் மணலி, எண்ணூர்ப் பக்கத்து மாடிகளில் காலையில் கையால் தடவினால் கரி ஒட்டும் என்பதால், அங்கே இருப்பவர்கள் மெல்லிய வேட்டியால் மூடியோ வீட்டுக்குள் மின்விசிறியின் கீழோ உலர்த்துவது நல்லது. வைக்கோல் இதற்கு ஈடாகாது. கூண்டில் பரப்ப உதவும். அதில் சத்து மிகக் குறைவு.

அடுத்து, மூட்டையிலிருந்து அளந்து தரும் சில்லறை பெல்லட். கிலோ 70 ரூபாய். இறைச்சிக்காக வளர்க்கும் பண்ணை முயல்கள் விரைவில் எடைபோடுவதற்காகச் செய்யப்பட்டது என்பதால் புரதம் அதிகம், நார் குறைவு. வீட்டில் பல ஆண்டுகள் வாழ வேண்டிய முயலுக்கு அது நோக்கத்திலேயே பொருந்தாது. எப்போது செய்தது, எதில் செய்தது என்று கேட்டேன். "அக்கா, எல்லாரும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க, ஒண்ணும் ஆகாது" என்றார் கடைத் தம்பி. இரண்டு கேள்விக்கும் அது பதில் இல்லை. மூட்டையின் வாய் திறந்தே கிடந்தது. மக்காச்சோளமும் கடலைப் பிண்ணாக்கும் சேர்ந்த தீவனம் ஈரக்காற்றில் திறந்து கிடந்தால் அஃப்ளடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சு உண்டாகக்கூடும். முயல் அதைத் தாங்காது.

வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி இந்த பெல்லட்டையும் இன்னொன்றில் இறக்குமதி பெல்லட்டையும் போட்டு வைத்தேன். சில்லறை பெல்லட் சில நிமிடங்களில் இருமடங்காகப் பருத்து, விரலால் தொட்டதும் களிபோல் வழுக்கியது. பிசைந்து பார்த்தால் மாவைத் தவிர வேறொன்றும் தட்டுப்படவில்லை. தொண்டையில் நின்றால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. இறக்குமதி பெல்லட்டும் ஊறியது. ஆனால் உதிர்ந்து, டம்ளரின் அடியில் பொடிப்பொடியான புல் நார்களாகப் படிந்தது.

அந்த இறக்குமதி பெல்லட், அமெரிக்க நிறுவனமான ஆக்ஸ்போவின் வளர்ந்த முயல்களுக்கானது. டிமோதிப் புல்லை அடிப்படையாகக் கொண்டது. நார் குறைந்தது 25 சதவீதம், புரதம் 14 சதவீதம் என்று உறையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். விலை உலர்புல்லையும் மிஞ்சுகிறது. என்றாலும் இரண்டு கிலோ எடையுள்ள முயலுக்கு நாளுக்கு 50 கிராமுக்கு மேல் தேவையில்லை என்பதால், அளந்து கொடுத்தால் ஓர் உறை நெடுநாள் வரும். வேறு நிறுவனத்தின் பொருளாக இருந்தாலும் உறையில் நார் 18 சதவீதத்துக்குக் குறையாமல், சுண்ணாம்புச் சத்து ஒரு சதவீதத்துக்கு மேற்படாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். விவரமே அச்சிடாத உறையை அலமாரியிலேயே விட்டுவிடலாம்.

ஒரு கடையில் முயல் தீவனம் தீர்ந்துவிட்டது என்று கோழித் தீவனத்தை எடுத்து நீட்டினார்கள். ஒரு வேளைக்குக்கூட அதைக் கொடுக்காதீர்கள். கோழிகளுக்கு வரும் இரத்தக் கழிச்சலைத் தடுக்க அதில் கலக்கப்படும் சலினோமைசின், நாரசின் போன்ற மருந்துகள் முயலுக்கு நஞ்சாக முடியும்.

வண்ணக் கலவையைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. சிவப்பும் மஞ்சளுமான வட்டங்கள், உடைத்த சோளம், சூரியகாந்தி விதை, உலர்ந்த பழத்துண்டு என்று குழந்தைகளை ஈர்க்கும் வண்ணத்தில் வரும் இந்தத் தீவனத்தில், இனிப்பானதை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு நாருள்ளதை முயல் ஒதுக்கிவிடுகிறது. எடிம்பரோ பல்கலைக்கழக ஆய்வு, இப்படிப்பட்ட கலவை தின்ற முயல்களுக்குப் பல் கோளாறும் உடல் பருமனும் ஏற்படுவதைக் காட்டியிருக்கிறது. விழுங்கும் முயலுக்கு உடைத்த சோளம் கூடுதல் அபாயம்.

உருட்டித் தின்னும் பந்து 250 ரூபாய். பெல்லட்டை உள்ளே போட்டு மூடினால், முயல் மூக்கால் தள்ளத் தள்ள ஒன்றிரண்டாகக் கீழே விழும். யோசனை நல்லது. ஆனால் நான் வாங்கியதன் துளை பெரிதாக இருந்ததால் ஐந்தாறு பெல்லட்டுகள் ஒன்றாகக் கொட்டின. மூடியைப் பல்லால் நெம்பித் திறக்கவும் பெரியது விரைவில் கற்றுக்கொண்டது. மொசைக் தரையில் நள்ளிரவில் அது உருளும் சத்தத்துக்குக் கீழ்வீட்டு மாமி ஒரு நாள் மேலே வந்தார். துளையைச் சிறிதாக்க வசதியுள்ள பந்து கிடைத்தால் வாங்கலாம், இல்லையென்றால் வேண்டாம். அதே வேலையைக் காசு செலவில்லாமல் செய்ய, பெல்லட்டை உலர்புல்லின்மேல் தூவிக் கிளறிவிட்டால் போதும். ஒவ்வொன்றையும் தேடி எடுப்பதற்குள் இரண்டு வாய் புல்லும் உள்ளே போய்விடுகிறது. இரண்டு முயல்கள் இருந்தால் கூண்டின் இரு மூலைகளில் தனித்தனியாகத் தூவ வேண்டும். முன்பு ஒருமுறை அடைத்துக்கொண்ட முயலுக்குப் பெல்லட்டை நீரில் ஊறவைத்து உதிர்த்துக் கொடுப்பதே பாதுகாப்பு. மிஞ்சியதை உடனே அகற்றிவிட வேண்டும், நம் ஊர் வெயிலில் அது விரைவில் புளித்துவிடும்.

கீரைகளில் கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை ஆகியவை தினமும் மாற்றி மாற்றிக் கொடுக்க ஏற்றவை. பாலக்கீரை எப்போதாவது போதும். முட்டைக்கோஸ் இலை வாயுவை உண்டாக்கும். கேரட்டில் சர்க்கரை அதிகம் என்பதால் விரல்நுனி அளவுக்கு மேல் வேண்டியதில்லை. அதையும் உருண்டைத் துண்டாக நறுக்காமல் நீளவாக்கில் சீவிக் கொடுங்கள். வெங்காயம், பூண்டு, பொரி, பிஸ்கட் ஆகியவற்றைக் கிட்டவே கொண்டுபோக வேண்டாம்.

தீவனத்தை மாற்றும்போது பழையதோடு புதியதைக் கலந்து, பத்து நாளில் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். அந்த நாள்களில் காலையில் கூண்டைக் கூட்டும்போது புழுக்கையைக் கவனியுங்கள்: உருண்டையாக, பெரிதாக, உடைத்தால் நார் தெரிய இருக்க வேண்டும். சிறுத்து, ஒன்றோடொன்று மயிரால் கோத்ததுபோல் வந்தால் புல் போதவில்லை. பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் வேப்பேரிக்குக் கிளம்பிவிடுங்கள். 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. போகும்போது முயல் தின்ற தீவனத்தில் ஒரு கைப்பிடியையும் உறையையும் உடன் எடுத்துச் சென்றால், என்ன கொடுத்தீர்கள் என்ற முதல் கேள்விக்குப் பதில் கையிலேயே இருக்கும்.