அல்தாயிர், எசியோ, பயேக்: யார் கையில் இருக்கும் இறகு கனமானது?

என் சித்தி மகன் போன மாதம் போனில் கேட்டான். “அண்ணா, செமஸ்டர் லீவு மூணு வாரம்தான். அசாசின்ஸ் கிரீட்ல ஒரே ஒரு ஆளோட கதையைத்தான் முடிக்க முடியும். யாரை எடுக்கட்டும்?”

சட்டென்று பதில் வரவில்லை. 2007-இல் தொடங்கிய வீடியோ கேம் வரிசை இது. கடற்கொள்ளைக்காரன், வைக்கிங், கிரேக்கக் கூலிப்படை வீராங்கனை, ஜப்பானின் ஷினோபி (நிஞ்ஜா) என்று எத்தனையோ பேர் வந்துவிட்டார்கள். ஆனாலும் எனக்கு இந்தக் கேள்வி எப்போதும் மூன்று பேரில்தான் வந்து நிற்கும். சிலுவைப்போர்க் காலத்து அல்தாயிர், இத்தாலியின் எசியோ, எகிப்தின் பயேக். அவனிடம் போனில் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். கதையின் முடிச்சுகளை அவிழ்க்காமல் இவர்களை ஒப்பிட முடியாது, அதனால் இன்னும் ஆடாதவர்கள் யோசித்துவிட்டுப் படியுங்கள்.

கிராபிக்ஸ், மேப்பின் அளவு, சண்டையின் சுகம் என்று எடைபோட்டால் புதியதுதான் ஜெயிக்கும். 2007-இல் வந்த கேமையும் 2017-இல் வந்த கேமையும் அப்படி நிறுத்துப் பார்ப்பது நியாயமில்லை. நான் பார்ப்பது வேறு. இவர்கள் மூவரும் கொலை செய்வதையே வேலையாகக் கொண்டவர்கள். கொன்ற பிறகு அந்த உயிரை என்ன செய்கிறார்கள்? மூவர் கதையிலும் இதற்குப் பதிலாக ஓர் இறகு வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு போனால் மூவரும் யாரென்று தெரிந்துவிடும்.

அல்தாயிர்: கணக்குக்கு ஓர் இறகு

1191, மூன்றாம் சிலுவைப்போர். கொலையாளிகள் சங்கத்தின் தலைமையிடம் மஸ்யாஃப் கோட்டை. அது கற்பனை இல்லை. ஷியா முஸ்லிம்களில் ஒரு பிரிவினரான நிஸாரி இஸ்மாயிலிகள் வசம் இருந்த நிஜக் கோட்டை அது. 1176-இல் சுல்தான் சலாஹுத்தீன் முற்றுகையிட்டுவிட்டுப் பிடிக்காமலே திரும்பிய இடம். இன்றும் சிரியாவில் நிற்கிறது.

ஒரு புதிய வரிசையின் முதல் ஹீரோவை இவ்வளவு வெறுக்கும்படி அறிமுகப்படுத்த, இதை உருவாக்கிய யூபிசாஃப்ட் மான்ட்ரியலுக்குத் துணிச்சல் இருந்திருக்க வேண்டும். முதல் காட்சியிலேயே, ஒரு கோயிலுக்குள், அல்தாயிர் ஒரு பாவமும் அறியாத முதியவரைக் கொல்கிறான். அவன் திமிரால் மாலிக் என்ற தோழன் தம்பியையும் இழக்கிறான், தன் இடது கையையும் இழக்கிறான். பதவி பறிக்கப்படுகிறது. ஒன்பது பேரைக் கொன்றால்தான் பழைய இடம் கிடைக்கும்.

அந்த ஒன்பதும் ஒரே முறையில் நடக்கும். டமாஸ்கஸுக்கோ, அக்ரேவுக்கோ, ஜெருசலேமுக்கோ போக வேண்டும். ஒட்டுக்கேட்க வேண்டும், பை அறுக்க வேண்டும், ஒருவனைச் சந்துக்குள் தள்ளி உதைத்து உண்மையை வாங்க வேண்டும். அப்புறம் அந்த ஊர் முகவரிடம் போய்த் தெரிந்ததைச் சொன்னால், அவர் ஒரு வெள்ளை இறகைக் கொடுப்பார். கொல்லப்பட்டவனின் இரத்தத்தில் அதை நனைத்துக் கொண்டுவர வேண்டும். வேலை முடிந்ததற்கு அத்தாட்சி அது. அலுவலக ரசீது மாதிரி.

நாலாவது தடவையே அலுப்புத் தட்டும் என்று பலரும் குறை சொன்னார்கள். உண்மைதான், எனக்கும் தட்டியது. போதாததற்கு முதலில் வந்தபோது சப்டைட்டிலும் இல்லை, தண்ணீரில் விழுந்தால் அல்தாயிர் செத்தும் போவான். ஆனால் ஒரு மனிதனைக் கொல்வதற்கு முன்னால் அவனைப் பற்றி நாமே நடந்து, கேட்டு, அறிந்துகொள்ள வேண்டும் என்ற விதி இதில் இருந்த அளவுக்குப் பின்னால் வந்த எதிலும் இல்லை. எசியோவில் மேப்பில் ஒரு புள்ளி தெரியும், போய்க் குத்திவிட்டு வந்துவிடலாம். அல்தாயிரில் குத்துவதற்கு முன்பே அவனுடைய வாசல், காவல், நேரம் எல்லாம் நமக்கு மனப்பாடம்.

குத்திய பிறகு வருவதுதான் விசேஷம். ஊர் மறைந்துவிடும். வெள்ளை வெளியில் சாகிறவனும் அவனும் மட்டும். அக்ரேவின் மருத்துவத் தலைவன் கார்னியேயை எடுத்துக்கொள்ளுங்கள். தப்பி ஓடிய நோயாளியின் இரண்டு கால்களையும் உடைக்கச் சொன்னவன் அவன், நாமே கண்ணால் பார்த்தோம். சாகும்போது அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் இவர்களைக் குணப்படுத்திக்கொண்டிருந்தேன், இனி இவர்கள் கதி என்ன என்று கேட்கிறான். அல்தாயிருக்குப் பதில் தெரியவில்லை. இப்படி ஒவ்வொருவனும் ஒரு சந்தேகத்தை விதைத்துவிட்டுப் போகிறான். கடைசியில் அந்தச் சந்தேகங்கள் எல்லாம் கூடி, கொல்ல அனுப்பிய ஆசானிடமே அவனைக் கொண்டு நிறுத்துகின்றன. பத்தாவது ஆள் அவர்தான்.

இதற்கு நடுவில் மாலிக்கிடம் அல்தாயிர் மன்னிப்புக் கேட்கும் இடம் வருகிறது. மாலிக் ஏற்க மறுக்கிறான். அன்று என்னோடு கோயிலுக்குள் வந்தவன் நீ இல்லை, அதனால் நீ மன்னிப்புக் கேட்க ஒன்றுமில்லை என்கிறான். இதைவிட அழகான மன்னிப்பை நான் எந்த கேமிலும் கேட்டதில்லை.

வரலாற்றை இவர்கள் வளைத்திருக்கிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். சிலுவைப்போர்த் துறவி வீரர்களான டெம்ப்ளர்களின் தலைவர் ராபர்ட் த சாப்லே நிஜ மனிதர். கேமில் 1191-இல் அர்சூஃபில் சாகிறார். உண்மையில் அவர் இருந்தது 1193 வரை.

எசியோ: தம்பிக்காக நூறு

எசியோ பிறக்கும்போதே நாம் அங்கே இருக்கிறோம். 1459, ஃபுளோரன்ஸ். பிறந்த குழந்தையின் கையையும் காலையும் ஆட்ட நம்மிடமே பொத்தான்களைக் கொடுக்கிறார்கள். சாவு 1524-இல், ஒரு குறும்படத்தில். நடுவில் 2009, 2010, 2011 என்று மூன்று கேம்கள். ஒரு கதாபாத்திரத்தோடு 65 வருடம் வாழ்ந்துவிடுகிறோம். மற்ற இருவருக்கும் இந்த வாய்ப்பே கிடைக்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் ஒப்பிட வேண்டும்.

இறகுக்கு வருகிறேன். ஆரம்பத்தில் நோயாளியான சின்னத்தம்பி பெட்ருச்சியோ, கூரையில் கிடக்கும் இறகுகளை எடுத்துத் தரச் சொல்வான். எதற்கு என்று கேட்டால் ரகசியம் என்பான். எடுத்துக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவோம். சில நாளில் அப்பா, அண்ணன், அந்தத் தம்பி மூவரையும் ஊர் நடுவில் தூக்கில் போடுகிறார்கள். எசியோவுக்கு வயது 17. அப்பாவைக் காப்பாற்றும் ஆதாரத்தை நம்பி யாரிடம் கொடுத்தானோ, அவனேதான் தீர்ப்புச் சொல்கிறான். அம்மாவுக்குப் பேச்சு நின்றுவிடுகிறது.

அப்புறம் ஃபுளோரன்ஸ், டஸ்கனி, வெனிஸ் என்று ஊர் ஊராக நூறு இறகுகள் சிதறிக் கிடக்கும். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. எடுக்காமலே கதையை முடித்துவிடலாம். எடுத்தால் மான்டெரிஜோனி வீட்டில், அம்மாவின் அறையில் இருக்கும் பெட்டியில் போட வேண்டும். அவள் மண்டியிட்டுப் பிரார்த்தித்துக்கொண்டே இருப்பாள், திரும்பிப் பார்க்க மாட்டாள். நூறும் சேர்ந்த பிறகுதான் அவள் வாய் திறக்கிறாள். நான் கல்லூரி விடுதியில் பழைய கணினியில் அதை முடித்தபோது விடியற்காலை. தூங்கப் போக மனம் வரவில்லை. அல்தாயிரின் இறகு எஜமானுக்குப் போனது. எசியோவுடையது அம்மாவுக்குப் போகிறது. இருவரையும் பிரிக்கும் கோடு எனக்கு அதுதான்.

எசியோ நல்லவனாகவே பிறந்துவிடவில்லை. முதல் கொலையில், தீர்ப்புச் சொன்ன அந்த உபெர்த்தோவை ஒரு குத்தோடு அவன் விடவில்லை. திரும்பத் திரும்பக் குத்தினான். 1478-இல் எதிரிக் குடும்பத்தின் வியேரி த பாட்ஸியைக் கொன்றுவிட்டுப் பிணத்தை உலுக்கி வசைபாடுகிறான். பெரியப்பா மரியோ தடுத்து, செத்தவனுக்கு மரியாதை கொடு என்று சொல்லி, “ரெக்வியெஸ்காத் இன் பாச்சே” என்று கண்ணை மூடிவிடுகிறார். அமைதியில் இளைப்பாறட்டும் என்று பொருள். அந்த லத்தீன் வரியை எசியோ அன்று கற்றுக்கொள்கிறான்.

இருபது வருடம் கழித்து, 1498. சவோனரோலா என்ற துறவியை ஃபுளோரன்ஸ் மக்கள் தீயில் நிறுத்துகிறார்கள். எசியோ தூரத்திலிருந்து ஓடி வந்து, நெருப்பு அவரைத் தின்னும் முன் குத்திக் கொன்றுவிடுகிறான். யாருக்கும் இப்படியொரு சாவு வரக்கூடாது என்பதற்காக. (நிஜத்தில் அவர் தூக்கிலிடப்பட்டு, பிறகு எரிக்கப்பட்டார்.) பிணத்தை உலுக்கிய அதே கை. அடுத்த வருடம் குடும்பத்தை அழித்த ரோட்ரிகோ போர்ஜாவையே, அப்போது போப்பாக இருந்தவரை, வாட்டிகனில் உயிரோடு விட்டுவிடுகிறான். உன்னைக் கொன்றால் என் குடும்பம் திரும்பி வராது என்கிறான்.

அந்தக் கருணைக்கு விலை இருந்தது. ரோட்ரிகோவின் மகன் சேசரே மான்டெரிஜோனியைத் தகர்க்கிறான், மரியோ சாகிறார். எசியோ செய்தது சரியா தப்பா என்று கேம் முடிவு கட்டாமல் விடுகிறது. கான்ஸ்டான்டினோபிளில், ஐம்பது தாண்டிய வயதிலும், துரோகி என்று நினைத்து ஒரு நேர்மையான படைத்தலைவனைக் கொன்றுவிட்டு உறைந்து நிற்கிறான்.

குறை உண்டு. முக்கியமானவர்களுக்கு மட்டும்தான் அந்த லத்தீன் பிரார்த்தனை. வழியில் விழும் நூற்றுக்கணக்கான காவலர்களுக்கு ஒன்றும் கிடையாது. சண்டையும் சுலபம், எதிரி வாளை ஓங்கும்வரை காத்திருந்து பதிலடி கொடுத்தால் போதும்.

வரலாற்று ஆர்வம் உள்ளவர்களுக்கு இங்கே தீனி அதிகம். 1478 ஏப்ரல் 26, ஃபுளோரன்ஸ் பேராலயத்தில் ஊரை ஆண்ட குடும்பத்தின் ஜூலியானோ த மெடிச்சி கொல்லப்பட்டதும் அவர் அண்ணன் லொரென்சோ காயத்தோடு தப்பியதும் நடந்தவை. கொலையாளிகளில் ஒருவனான பெர்னார்தோ பரோன்செல்லியை கேமில் எசியோ சான் ஜிமிஞானோவில் தீர்த்துக்கட்டுகிறான். உண்மையில் அவன் கான்ஸ்டான்டினோபிள்வரை ஓடி, அங்கே பிடிபட்டு, 1479 டிசம்பரில் ஃபுளோரன்ஸில் தூக்கில் தொங்கினான். தொங்கும் அந்த உடலை வரைந்தவர் லியனார்டோ டா வின்சி, கேமில் எசியோவின் உயிர்த்தோழர். உடையின் நிறங்களைக்கூட ஓரத்தில் குறித்துவைத்திருக்கிறார்.

பயேக்: மகன் இல்லாத வானம்

கி.மு. 49, கிரேக்க அரச வம்சமான தாலமிகளின் எகிப்து. பயேக் சீவா பாலைச்சோலையின் மெட்ஜாய், ஊர்க்காவலன். முகமூடி அணிந்தவர்கள் அவன் கையையே திருகித் தள்ள, அவன் பிடித்திருந்த கத்தியாலேயே மகன் கெமு சாகிறான். எசியோவின் இழப்பு அவன் கண்முன் நடந்தது. இவனுடையது இவன் கையிலேயே நடந்தது.

பயேக்கின் இறகு கொல்லப்பட்டவனின் இரத்தத்தைத் தொடும். அல்தாயிரின் இறகைப் போலவே தெரியும், ஆனால் பொருள் வேறு. இறந்தவரின் இதயத்தை மாத் தேவியின் இறகுக்கு எதிரே தராசில் வைப்பார்கள் என்பது எகிப்தியர் நம்பிக்கை. பயேக் அதை மனதார நம்புகிறவன். கொல்லப்பட்டவனை அடுத்த உலகத்தின் நீதிக்குப் பேர்சொல்லி அனுப்பிவைக்கிறான். மூவரில் நிஜமாகவே கடவுள் பயம் உள்ளவன் இவன்தான்.

பன்னிரண்டு கல்வட்டங்களில் நட்சத்திரங்களை இணைத்துக் கோலம் காட்டும் சின்ன வேலை ஒன்று உண்டு. ஒவ்வொன்றிலும் கெமுவோடு வானம் பார்த்த பழைய பேச்சு ஒலிக்கும். அதை அவசரப்படாமல் ஆட வேண்டும். குரல் கொடுத்த அபூபக்கர் சலீம், தன் தந்தையை இழந்த துயரிலிருந்து 2024-இல் ஒரு கேமையே உருவாக்கினார். பயேக்கின் குரலை இப்போது கேட்டால் அதுவும் சேர்ந்து நினைவுக்கு வருகிறது.

ஆனால் கொலையாளியாக ஆடும்போது எனக்கு மனத்தாங்கல் இங்கேதான். எதிரியின் லெவல் நம்மைவிட அதிகமானால், மணிக்கட்டில் ஒளிந்திருக்கும் மறைகத்தியைக் கழுத்தில் சொருகினாலும் எழுந்து நிற்பான். ஓசையில்லாமல் கூரையேறி, காத்திருந்து, குதித்தபின் அவன் திரும்பி முறைத்தால் என்ன செய்வது? இந்த வரிசையின் உயிரே ஒரே குத்து. அதை எண்களிடம் ஒப்படைத்தது தப்பு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். மேப்பும் மிகப் பெரியது. மூன்று வாரத்தில் பாலைவனத்திலேயே தொலைந்துபோகலாம்.

சண்டையே வேண்டாம் என்பவர்கள் இதன் சுற்றுலா முறையைத் திறக்கலாம். 75 வழிகாட்டுப் பயணங்கள், ஒரு துளி இரத்தம் கிடையாது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களோடு உட்கார்ந்து பார்க்கலாம்.

விரலைப் பற்றியும் ஒரு வார்த்தை

மறைகத்திக்கு வழிவிட அல்தாயிர் மோதிர விரலை இழந்தவன், அது சங்கத்தின் விதி. பயேக்குக்கு அது ஒரு கைகலப்பில் தவறிப்போய் வெட்டுப்பட்டது. ஒருவனின் விபத்து பன்னிரண்டு நூற்றாண்டு கழித்து இன்னொருவனுக்குச் சடங்காகிவிட்டது. எசியோவுக்கு லியனார்டோ கத்தியைச் சீர்செய்து கொடுத்ததால் பத்து விரலும் மிச்சம். காரணம் மறந்துபோன சடங்குகளை நாம் எத்தனை பார்த்திருக்கிறோம்! கேம் இதை உரக்கச் சொல்லாமல், பத்து வருட இடைவெளியில் வந்த இரண்டு கதைகளில் வைத்துவிட்டுப் போனது எனக்கு மிகவும் பிடிக்கும்.

சரி, யாரை எடுப்பது?

கொலையாளியின் தொழில்நுட்பம்தான் வேண்டும், அலுப்பைப் பொறுத்துக்கொள்வேன் என்றால் அல்தாயிர். நேரம் நிறைய இருக்கிறது, கனமான துயரத்தோடு அழகான ஒரு நிலத்தில் திரிய வேண்டும் என்றால் பயேக். சித்தி மகனுக்கு நான் சொன்னது எசியோ. அதில் எனக்குத் தயக்கம் இல்லை. அல்தாயிர் கொன்றவர்களிடமிருந்து கற்றான், பயேக் கொன்றும் ஆறவில்லை. கொல்வதை நிறுத்தக் கற்றுக்கொண்டவன் எசியோ ஒருவன்தான். 1512-இல் மஸ்யாஃபின் அடியிலுள்ள நூலகத்தை அவன் திறக்கும்போது, நாற்காலியில் அமர்ந்தபடி அல்தாயிரின் எலும்புக்கூடு இருக்கும். எசியோ தன் ஆயுதங்களைக் கழற்றி அங்கேயே கீழே வைத்துவிடுகிறான். எசியோவை எடுத்தால் அல்தாயிரின் முடிவும் கூடவே கிடைக்கிறது என்பது கூடுதல் லாபம்.

லீவு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. நேற்று இரவு மெசேஜ் அனுப்பியிருந்தான், வெனிஸ் வந்துவிட்டானாம். கதையை விட்டுவிட்டுக் கூரை கூரையாக ஏறிக்கொண்டிருக்கிறான். இதுவரை 61 இறகு.