கொழும்பிலிருந்து கேட்கும் சிட்னி வானொலி

மெய்ப்புப் பார்ப்பவனுக்குத் தமிழ் வானொலி ஆகாது. பாட்டின் வரி தாளில் உள்ள வரிக்குள் புகுந்துவிடும். அதனால் வெள்ளவத்தை அச்சகத்தில் என் மேசைமீது கைபேசியில் ஓடுவது சிட்னியின் எஃப்.பி.ஐ. வானொலி. பெயரைப் பார்த்து அமெரிக்கப் பொலிஸ் என்று மிரள வேண்டாம். 2003 முதல் 94.5 பண்பலையில் ஒலிக்கும் சமூக வானொலி இது. பெரும்பாலும் சம்பளமில்லாத் தொண்டர்களும் நேயர்கள் கட்டும் சந்தாவும்தான் இதைத் தாங்குகின்றன.

ஒலிபரப்பும் இசையில் பாதி அவுஸ்திரேலிய இசை, அந்தப் பாதியிலும் பாதி சிட்னிக் கலைஞர்களுடையது என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். அதாவது நான்கு பாட்டுக்கு ஒன்று ஊர்ப்பிள்ளையின் பாட்டு. விதி ஏட்டோடு நின்றுவிடவில்லை. பாட்டு முடிந்த கையோடு அந்தக் குழு எந்த இடத்தில், எந்த இரவில் வாசிக்கிறது என்று அறிவிப்பாளர் சொல்லிவிடுகிறார். சின்ன ஓவியக் கண்காட்சிக்கும் சிறு நாடகத்துக்கும் அதே மரியாதை. அங்குள்ள சட்டப்படி சமூக வானொலிகள் மணிக்கு 5 நிமிடத்துக்கு மேல் ஆதரவாளர் அறிவிப்புப் போடக்கூடாது. நகைக்கடையும் புடைவைக்கடையும் மாறி மாறிக் கூவுவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது பெரிய சுகம்.

குறைகளும் உண்டு. மூன்று பாட்டுகளை அடுக்கிப் போட்டுவிட்டு, மூன்று பெயர்களையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தால் யார் குறித்துக்கொள்வது? மின்னணு இசை தொடங்கினால் ஒரே அடி நெடுநேரம் விழுந்துகொண்டே இருக்கிறது. எனக்குக் கண் சொருகிவிடும். புதிய அறிவிப்பாளர்கள் தடுமாறுவது மட்டும் எனக்குப் பிடிக்கும். மனிதர் பேசுகிறார் என்று தெரிகிறது.

என் அண்ணன் மகன் கொட்டாஞ்சேனையில் ஒரு குழுவில் கிற்றார் வாசிக்கிறான். கல்யாண வரவேற்பில் இந்தியத் திரைப்பாடல் வாசித்தால் காசு வரும். சொந்தப் பாட்டுக்குக் கேட்பாரில்லை. பதிவுசெய்த பாட்டை ஒரு தனியார் பண்பலைக்கு எடுத்துக்கொண்டு போனான். அங்கிருந்தவர் அவனிடம் கேட்ட முதல் கேள்வி, “இது எந்தப் படம், தம்பி?”

வழி தெரியாத நாடா இது? 1970களில் இலங்கை வானொலி உள்ளூர் மெல்லிசைப் பாடல்களைத் தானே பதிவுசெய்து ஒலிபரப்பியது. பொப்பிசை பாடிய நித்தி கனகரத்தினத்தையும் ஏ.ஈ. மனோகரனையும் அறியாத வீடு இருந்ததா? 1989இல் கொத்மலையில் சமூக வானொலியும் வந்தது. இன்றோ, தமிழ்ச் சங்க மண்டபத்தில் இன்று மாலை யார் பாடுகிறார் என்பதைக்கூட வட்ஸ்அப் சொல்லித்தான் நான் அறிகிறேன். நம் நிலையங்களிடம் பாதியெல்லாம் கேட்கவில்லை. மணிக்கு ஓர் உள்ளூர்ப் பாட்டு, அதுவும் ஊர் உறங்கிய பிறகல்ல, பகலில், பாடியவர் பெயரோடு.

எஃப்.பி.ஐ.யை இணையத்தில் இலவசமாகவே கேட்கலாம். கொழும்பில் காலை 9 மணி என்றால் சிட்னியில் பிற்பகல் 1.30, அங்கே கோடைநேரம் நடைமுறையில் இருந்தால் 2.30. அவர்களுடைய காலை நிகழ்ச்சி நமக்கு நள்ளிரவு தாண்டித்தான் வரும். அதற்காகக் கண்விழிக்க வேண்டியதில்லை. நம் அலுவலக நேரத்தில் வருவதே போதும்.