எஸ்பெராண்டோவா, பாசார் மலாயா?

வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் பேசிக்கொள்ள ஒரு பொதுமொழியைத் திட்டமிட்டு உருவாக்கலாம். அல்லது சந்தையே உருவாக்கட்டும் என்று விடலாம்.

எஸ்பெராண்டோ முதல் வகை. கண் மருத்துவரான ஸாமென்ஹோஃப் 1887-இல் வார்சாவில் வெளியிட்டார். அடிப்படை விதிகள் 16தான். பெயர்ச்சொற்கள் 'ஓ'வில் முடியும், பன்மைக்கு ஒரே விகுதி. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத மொழி என்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். ஆனால் வேர்ச்சொற்களில் பெரும்பாலானவை ஐரோப்பியம். தமிழரும் சீனரும் பெரும்பாலான வேர்ச்சொற்களைப் புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டும்.

பாசார் மலாய், அதாவது சந்தையில் தானாக உருவான எளிய மலாய், வேறு கதை. நம் தாத்தா பாட்டி தலைமுறை சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் சீனரிடம் மீன் வாங்கியதும், பக்கத்து வீட்டு மலாய்க்காரரிடம் நலம் விசாரித்ததும் பெரும்பாலும் இதில்தான். வினைச்சொல் காலத்துக்கோ ஆளுக்கோ மாறாது. 'சுடா' என்று சேர்த்தால் செயல் முடிந்துவிட்டது. 'குவா', 'லு' என்று நான், நீயைக் குறிக்கும் சொற்கள் ஹொக்கியன் என்ற சீன மொழியிலிருந்து வந்தவை. பள்ளிக்கூடமே போகாதவர்கள்கூட இதைத் தடையில்லாமல் பேசினார்கள். சரி, சட்டமும் அறிவியலும் எழுத இது போதாது. பள்ளிகளில் இருமொழிக் கல்வி வேரூன்றியபின் அந்த இடத்தை ஆங்கிலம் எடுத்துக்கொண்டது.

என் ஓட்டு பாசார் மலாய்க்கே. தேவையும் அன்றாடப் பழக்கமும் இருந்தால்தான் ஒரு பொதுமொழி பரவும். எஸ்பெராண்டோவுக்கு ஆர்வலர்கள் உண்டு, சந்தை இல்லை. வீட்டில் பாசார் மலாய் பேசும் பெரியவர்கள் இருந்தால், இப்போதே அவர்கள் பேச்சைப் பதிவு செய்து வையுங்கள்.