இரட்டை டிரெய்லர் ஓட்டப் பழக: பள்ளியா, சரக்குக் கம்பெனியா?

அமெரிக்காவில் இரட்டை டிரெய்லர் ஓட்ட அனுமதி வாங்குவது நம்ப முடியாத அளவுக்கு எளிது. டிரெய்லர் இழுக்கும் கனரக லாரிக்கான கிளாஸ் ஏ லைசென்ஸ் இருந்தால், அதோடு 'டி' என்ற ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு எழுத்துத் தேர்வு மட்டும்தான். பல மாநிலங்களில் 20 கேள்வி, 16 சரியாக இருந்தால் போதும். ஓட்டிக் காட்டச் சொல்ல மாட்டார்கள். கிளாஸ் ஏ புதிதாக எடுப்பவர்களுக்குப் பயிற்சி கட்டாயம் என்று 2022 பிப்ரவரி 7 முதல் மத்திய விதி வந்தது. அதிலும் இந்த 'டி'யைச் சேர்க்கவில்லை. இரண்டு டிரெய்லரையும் இணைக்கும் டாலியைத் தொட்டே பார்க்காதவரும் சட்டப்படி ஓட்டலாம்!

சரி, கையால் எங்கே பழகுவது? இரண்டு வழி.

ஒன்று, தனியார் பயிற்சிப் பள்ளி. சில ஆயிரம் டாலர், சில வாரங்கள். பெரும்பாலும் ஒற்றை டிரெய்லர்தான். நிறைய நேரம் ரிவர்ஸ் எடுப்பதிலேயே போகும். அது வீண் இல்லை, எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கைகொடுக்கும். ஆனால் 'டி' அங்கே கையேட்டில் ஓர் அத்தியாயம், அவ்வளவுதான்.

இன்னொன்று, பலருடைய சரக்கைக் கலந்து ஏற்றும் கம்பெனிகள். ஓல்ட் டொமினியன், எக்ஸ்பிஓ, சாயா போன்றவை, சரக்கு ஏற்றி இறக்கும் மேடையான டாக்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்களையே டிரைவராக்கப் பயிற்சி தருகின்றன. இவர்களுக்கு 28 அடி டிரெய்லர் இரண்டு சேர்ந்ததுதான் அன்றாட வண்டி. அதனால் டாலி யார்டில் எப்போதும் கிடக்கும்.

அந்த டாலியில்தான் வித்தையே இருக்கிறது. ஒரு டன்னுக்கு மேல் கனக்கும் சின்ன வண்டி அது, முன் டிரெய்லரையும் பின் டிரெய்லரையும் இணைப்பது. கனமான டிரெய்லர் எப்போதும் முன்னால். கொக்கியை மாட்டி, சங்கிலி போட்டு, ஏர் லைன்களைச் செருகியதும் வேலை முடிந்துவிடாது. முன் டிரெய்லரின் பின்பக்க வால்வுகள் திறந்திருக்க வேண்டும், கடைசி டிரெய்லரின் பின்பக்க வால்வுகள் மூடியிருக்க வேண்டும். காற்று கடைசிவரை போகிறதா என்று அறிய, வண்டியின் வால்வரை நடந்துபோய் அந்த வால்வைக் கொஞ்சம் திறந்து, 'உஸ்' சத்தம் வருகிறதா என்று கேட்டுவிட்டு மூட வேண்டும். கழற்றும்போது இன்னும் ஆபத்து: பின் டிரெய்லர் டாலியின் மேல் இருக்கும்போதே கொக்கியைத் திறந்தால் இழுகம்பி எகிறி ஆளை அடித்துவிடும். இதையெல்லாம் 20 கேள்வியில் படித்துவிடலாம். ராத்திரி மழையில் டார்ச் வெளிச்சத்தில் செய்வது வேறு கதை.

ஓட்டும்போது பயப்பட வேண்டியது சாட்டை வீச்சு. ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடித்தால், முன்னே சின்னதாகத் தெரியும் ஆட்டம் கடைசி டிரெய்லரில் பெரிதாகிவிடும். மூன்று டிரெய்லர் பூட்டினால், கடைசியது கவிழும் வாய்ப்பு சாதாரண ஐந்து அச்சு லாரியைவிட 3.5 மடங்கு என்கிறது ஓட்டுநர் கையேடு.

கம்பெனி வழியில் வலி இல்லாமல் இல்லை. பயிற்சியில் இடம் கிடைக்கும்வரை டாக்கில் மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். இத்தனை காலம் வேலை செய்வேன் என்று கையெழுத்து வாங்குவார்கள், நடுவில் போனால் பயிற்சிச் செலவைக் கேட்பார்கள். புது ஆளுக்கு ராத்திரி ஷிஃப்ட்தான், வேலைக்குக் கூப்பிடும் போன் எப்போது அடிக்கும் என்று தெரியாது. இன்னொன்று, இரட்டையை ரிவர்ஸ் எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம். அதனால் கம்பெனியின் சரக்கு நிலையமான டெர்மினல் விட்டு டெர்மினல் ஓடியே பழகியவருக்கு, 53 அடி ஒற்றை டிரெய்லரைக் குறுகிய கடை வாசலில் ரிவர்ஸில் விடச் சொன்னால் வியர்த்துவிடும்.

ஆனாலும் என் ஓட்டு டாக்குக்குத்தான். மாநிலம் தாண்டி ஓட்ட 21 வயது ஆக வேண்டும் என்பதால், பத்தொன்பது வயதுப் பையனுக்கு அந்தக் காத்திருப்பு சம்பளத்தோடு போகும். ஏற்கெனவே கிளாஸ் ஏ வைத்திருப்பவருக்கு மட்டும் இது சுற்றுவழி. அவர் 'டி' எழுதிவிட்டு, வேலைக்குச் சேரும் இடத்தில் "டாலி பூட்டிப் பழக்கம் இல்லை, சொல்லித்தாருங்கள்" என்று முதல் நாளே சொல்லிவிடலாம்.

பள்ளிதான் என்று முடிவு செய்தால், பணம் கட்டுமுன் யார்டை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். டாலி நின்றால், "இதை நான் எத்தனை முறை பூட்டுவேன்?" என்று கேளுங்கள்.