மெல்ல அணையும் கால்விளக்குகள்: மொரீஷியஸின் ரோஸ்ஹில் பட்டறை ஒன்றில் செய்த வேலை

என் அம்மாவுக்கு 73 வயது. வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து கோயிலிலிருந்து வந்து காரில் ஏறும்போது, கூரை விளக்கு அவருடைய நிழலையே அவர் கால் வைக்க வேண்டிய இடத்தில் விழச்செய்துவிடும். அதற்காகத்தான், கதவைத் திறந்ததும் மெல்ல ஒளிர்ந்து, மூடியபின் மெல்ல அணையும் எல்.இ.டி. பட்டைகளைக் காரின் நான்கு கால்வைக்கும் இடங்களிலும் போட முடிவு செய்தேன்.

முதலில் இந்த வேலையை வேறொருவரிடம் கொடுத்து ஏமாந்தேன். சிகரெட் லைட்டருக்குப் போகும் வயரில், மேலுறையைக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்பை மாட்டி, தனி ஃபியூஸ் எதுவும் இல்லாமல் அவர் மின்சாரம் எடுத்திருந்தார். நாங்கள் வசிக்கும் கியூர்பிப் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில் இருக்கும் மழை ஊர் என்பதால், ஆறே மாதத்தில் கிளிப்புக்குள் இருந்த செம்பு களிம்பேறி, விளக்குகள் துடிக்கத் தொடங்கின. அதைவிடக் கவலை தந்தது ஃபியூஸ்தான்: அந்த வழியில் இருந்தது 15 ஆம்பியர் ஃபியூஸ், நூல்போல மெல்லிய வயர் எங்காவது உரசிக் கார் உடம்பைத் தொட்டால், ஃபியூஸ் எரிவதற்கு முன்பே வயர் உருகிவிடக்கூடும்.

ரோஸ்ஹில்லில் நான் பிறகு போன பட்டறையின் மின்வேலைக்காரர், எதையும் கழற்றுவதற்கு முன் மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரை எடுத்துக் கதவு ஸ்விட்சைச் சோதித்தார். ஜப்பானிலிருந்து வந்த எங்கள் வண்டியில், கதவைத் திறக்கும்போது ஸ்விட்ச் விளக்கின் எதிர்முனையைத்தான் கார் உடம்போடு சேர்க்கிறது. ஆகவே அந்த வயரிலிருந்து வெறும் சைகையை மட்டும் மங்கச்செய்யும் சிறு பெட்டிக்குக் கொண்டுசென்று, பட்டைகளுக்கான மின்சாரத்தை ஃபியூஸ் பெட்டியில் தனியாக 2 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து எடுத்தார். மொத்தம் இரண்டு மீட்டர் பட்டைக்கு ஓர் ஆம்பியர்கூடத் தேவைப்படாது. ஒவ்வோர் இணைப்பையும் ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் உறையைப் போட்டு, அது வயரை இறுக்கிப் பிடிக்கும்வரை திருப்பித் திருப்பிச் சூடு காட்டியதை அருகில் நின்று பார்த்தேன். வண்டியைப் பூட்டியபின் பாட்டரியிலிருந்து போகும் மின்னோட்டத்தை அளந்து காட்டினார்: முன்பு 24 மில்லி ஆம்பியர், வேலைக்குப் பின் 26; பாட்டரி வடியும் அளவுக்குக் கூடவில்லை.

மங்கலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு மின்தேக்கியை (கப்பாசிட்டரை) இணைத்து மின்னழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 12 வோல்ட் வெள்ளைப் பட்டையில் மும்மூன்று எல்.இ.டி.கள் தொடராக இருப்பதால், சுமார் 9 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போதே ஒளி ஏறக்குறைய நின்றுவிடும். இந்தப் பெட்டியோ முழு மின்னழுத்தத்தையே நொடிக்குப் பல நூறு முறை விட்டுவிட்டுக் கொடுத்து, கொடுக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாகச் சுருக்குகிறது. கண்ணுக்கு அது இதமான மங்கலாகத் தெரிகிறது. எங்களுடையதில் ஒளிர ஒரு நொடி, அணைய நான்கு நொடி.

குறை இரண்டு உண்டு. அணையும்போது கடைசி அரை நொடியில் ஒளி சட்டென்று விழுகிறது. குறைந்த வெளிச்சத்தில் சிறு மாற்றமும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் என்பதால், முடிவில் இன்னும் நிதானமாக இறங்கும் பெட்டியை அவர் தேர்ந்திருக்கலாம். மற்றொன்று, ‘கதவோடு – அணைப்பு – எப்போதும்’ என்ற மூன்று நிலை ஸ்விட்ச் ஸ்டியரிங்குக்குக் கீழே என் முழங்கால் இடிக்கும் இடத்தில் இருந்தது. சொன்னதும் மறுநாளே, கூடுதல் பணம் கேட்காமல், இடம் மாற்றிக் கொடுத்தார்.

வேலைக்கும் பொருளுக்கும் சேர்த்து 3,500 மொரீஷியஸ் ரூபாய் கொடுத்தேன். அது நியாயமான விலை. நீலப் பட்டையும் காட்டினார்கள். மஞ்சள் கலந்த வெள்ளையையே கேட்டு வாங்கினேன். போன வெள்ளிக்கிழமை அம்மா, பிரசாதத் தட்டை ஒரு கையில் பிடித்தபடி, என் தோளைப் பற்றாமல் தானே ஏறி உட்கார்ந்தார்.