ஐந்து ஆண்டுகளாக என் மார்பில் இருக்கும் உயிர்காப்பு அங்கி

மும்பைத் துறைமுகத்தில் பாய்மரப் படகுக் குழுவில் சேர்ந்த பிறகு நான் வாங்கிய இரண்டாவது அங்கி இது. கோவா வரை நான்கு முறை என்னோடு வந்திருக்கிறது. தண்ணீரில் விழுந்தால் தானாக ஊதிக்கொள்ளுமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் நம்பியிருப்பதோ அதன் மார்பில் உள்ள எஃகு வளையத்தை. அதில் மாட்டிய பட்டைதான் என்னைப் படகோடு பிணைத்து வைக்கிறது.

பனிக்காலத்தில் கொங்கண் கரையோரம் பிற்பகலில் வடமேற்குக் காற்று வீசும், இருட்டியதும் அடங்கும். நள்ளிரவுக்கு மேல் கரையிலிருந்து காற்று கிளம்பும். எங்கள் படகை நடத்தும் அண்ணன் தூத்துக்குடிக்காரர். “நம் ஊரில் கரைக்காற்று மேற்கிலிருந்து வரும் கச்சான், இங்கே கிழக்கிலிருந்து வரும் கொண்டல். அவ்வளவுதான் தம்பி” என்பார். பொழுது சாய்வதற்குள் கரைப்பக்கம் ஒதுங்கிவிடுவார். ஆழத்தில் நின்ற படகுகள் காற்றின்றித் தவிக்கும்போது நாங்கள் ஓடிக்கொண்டிருப்போம்.

ஆனால் கரையோரம் என்றால் வலைகள் உண்டு. ஓர் இரவு, என் நான்கு மணி நேரக் காவலில், சுக்கானில் வலை சிக்கியது. மீனவர் வலையை அறுக்கக் கூடாது என்பது அண்ணனின் கட்டளை. பின்முனையில் குப்புறப் படுத்து, கை தோள்வரை நீரில் அமிழ, கழியால் வலையைக் கீழே அழுத்தி விடுவித்தேன். ஓர் அலை படகைத் தூக்கிப் போட்டபோது பட்டை விறைத்து என்னை நிறுத்தியது.

மார்பெல்லாம் நனைந்தும் அங்கி ஊதவில்லை. நீரழுத்தத்தை உணரும் வகை இது. ஏறக்குறைய 10 செ.மீ. ஆழம் போனால்தான் வேலை செய்யும். ஈரத்தில் கரையும் வில்லை வைத்த என் பழைய அங்கி, மாட்டுங்கா வீட்டு அலமாரியில் ஜூலை மாத ஈரத்திலேயே ஊதிவிட்டது. மும்பைக்கு அந்த வகை வேண்டவே வேண்டாம்.

பட்டையில் படகோடு மாட்ட இரண்டு கொக்கிகளாவது இருக்கட்டும், இடம் மாறும்போது ஒன்றை மாட்டிய பிறகே மற்றதைக் கழற்ற வேண்டும். 2018 மார்ச்சில், உலகைச் சுற்றும் பந்தயத்தின்போது தென்பெருங்கடலில் ஜான் ஃபிஷர் என்ற மாலுமி படகிலிருந்து வீசப்பட்டது, பட்டையைக் கழற்றியிருந்த நேரத்தில்தான்.

குறை இல்லாமல் இல்லை. படகின் அதிர்வில், அங்கியை ஊதவைக்கும் 33 கிராம் வாயு அடைத்த குப்பியின் திருகு தளர்கிறது. ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் அதை இறுகத் திருகுகிறேன்.