தகடா, குழாயா: சோலார் வாட்டர் ஹீட்டரில் வெப்பம் எங்கே நழுவுகிறது?

சோலார் வாட்டர் ஹீட்டர் வாங்கப் போனால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "எஃப்.பி.சி வேணுமா, இ.டி.சி வேணுமா?" என்பதுதான். முன்னது (ஃபிளாட் பிளேட் கலெக்டர், சுருக்கமாகத் தகடு) கண்ணாடி மூடிய தட்டையான பெட்டி. உள்ளே கறுப்புப் பூச்சுள்ள உலோகத் தகடு, அதன் முதுகில் ஒட்டிய செம்புக் குழாய்கள். பின்னது (இவாக்குவேட்டட் டியூப் கலெக்டர், சுருக்கமாகக் குழாய்) வரிசையாகச் சாய்த்து அடுக்கிய வெற்றிடக் கண்ணாடிக் குழாய்கள். விலை பின்னதில்தான் குறைவு. கூடவே, "டியூப்தான் சார் லேட்டஸ்ட், வெயில் இல்லாட்டியும் சூடாகும்" என்ற விற்பனைப் பேச்சும் வரும். அதில் பாதி உண்மை. அந்தப் பாதியும் ஊட்டிக்குப் பொருந்தும் அளவுக்கு மதுரைக்குப் பொருந்தாது.

முதலில் தேவையைக் கணக்குப் போட்டுவிடலாம். 100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ 4 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் வேண்டும். தமிழ்நாட்டுச் சமவெளியில் ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்குச் சராசரியாக 5 யூனிட்டுக்குக் குறையாத வெயில் விழுகிறது. 100 லிட்டருக்கு வழக்கமாக வைப்பது 2 சதுர மீட்டர் தகடு ஒன்று. அதன்மேல் 10 யூனிட் விழுகிறது. 4 யூனிட் பிடித்தால் போதும். ஆக, போட்டி வெயிலைப் பிடிப்பதில் இல்லை. பிடித்த வெப்பத்தைத் தப்பவிடாமல் வைப்பதில்தான் இருக்கிறது.

80 டிகிரியில் இருக்கும் ஒரு தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால், 30 டிகிரிச் சூழலில் கதிர்வீச்சாக மட்டுமே சதுர மீட்டருக்குச் சுமார் 360 வாட் வெளியேறும். மேலே கண்ணாடி இருப்பதால் அதில் ஒரு பகுதி தடுக்கப்படும் என்றாலும், நல்ல வெயிலில் உள்ளே வருவதே 800 முதல் 1000 வாட்தான். இதற்கு மருந்து கண்டவர் இஸ்ரேலைச் சேர்ந்த ஹாரி டேபர். சூரிய ஒளியின் பெரும்பகுதி 0.3 முதல் 2.5 மைக்ரான் அலைநீளத்துக்குள் அடங்கிவிடும். 80 டிகிரித் தகடு வீசும் கதிரோ 8 மைக்ரானை ஒட்டி உச்சம் கொள்ளும். இரண்டும் ஒன்றையொன்று தொடாத வேறு வேறு பட்டைகள். முதல் பட்டையை விழுங்கி, இரண்டாவதை மிகக் குறைவாக உமிழும் பூச்சு ஒன்றைச் செய்துவிட்டால் தீர்ந்தது. 1950-களின் நடுவில் டேபர் அதைச் செய்து காட்டினார். உமிழ்திறன் 0.9-லிருந்து 0.1-க்கு இறங்கினால், அந்த 360 வாட் 40 வாட்டாகிவிடும். 1980-ல் புது வீடுகளுக்குச் சோலார் ஹீட்டரை இஸ்ரேல் சட்டப்படி கட்டாயமாக்கியது.

என்னைக் கேட்டால், இந்தத் துறையில் பொருளறிவியல் செய்த மிகப் பெரிய காரியம் இன்றுவரை இந்தப் பூச்சுதான். நானோ என்ற சொல் பரவுவதற்கு முன்பே வந்த நானோ தடிமன் விஷயம் இது.

கதிர்வீச்சை அடக்கியாயிற்று. மிச்சம், கண்ணாடிக்கும் தகட்டுக்கும் இடையில் சுழலும் காற்று எடுத்துச் செல்லும் வெப்பம். வெற்றிடக் குழாய் ஜெயிப்பது இங்கேதான். ஃபிளாஸ்கின் அதே தத்துவம்: ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் குழாய்கள், நடுவில் காற்றில்லை, உள்குழாயின் வெளிப்பரப்பில் கறுப்புப் பூச்சு. இதற்கேற்ற அலுமினியம் நைட்ரைடு அடுக்குப் பூச்சை 1980-களில் சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் யின் ஜிச்சியாங் உருவாக்கினார். சீன மொட்டை மாடிகள் குழாய்மயமானதற்கு அதுவே அடித்தளம். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் 58 மில்லிமீட்டர் விட்டம், 1800 மில்லிமீட்டர் நீளக் குழாய்களும் அந்த வம்சம்தான்.

நடுப்பகலில் ஓடிக்கொண்டிருக்கும் குழாயின் வெளிக்கண்ணாடியைத் தொட்டுப் பாருங்கள். உள்ளே தண்ணீர் கொதிநிலையை நெருங்கினாலும் வெளியே வெதுவெதுப்புக்கு மேல் இராது. ஒரு குழாய் மட்டும் கையைச் சுட்டால் அதில் வெற்றிடம் போய்விட்டது என்று பொருள். அடிநுனியைப் பார்த்தாலும் தெரிந்துவிடும். அங்கே கண்ணாடிக்குள் பேரியம் படலம் ஒன்று வெள்ளிபோல் மின்னும். மிச்சமிருக்கும் வாயுவை உறிஞ்சுவது அதன் வேலை. காற்று புகுந்தால் அந்த வெள்ளி வெளுத்துச் சுண்ணாம்பு பூசினாற்போல் ஆகிவிடும். பழைய ஹீட்டரை விலை பேசுபவர்கள் முதலில் குனிந்து பார்க்க வேண்டிய இடம் அது.

சரி, அப்படியானால் குழாய்தானே எங்கும் மேல்? இங்கேதான் எளிய சமன்பாடு ஒன்று கை கொடுக்கிறது. 1942-ல் எம்.ஐ.டி-யின் ஹாய்ட் ஹாட்டல் தொடங்கிவைத்து, பின்னால் வில்லியரும் பிளிஸ்ஸும் மெருகேற்றியது. வெயிலைப் பிடிக்கும் பகுதியான சேகரிப்பானின் திறனை அது ஒரு நேர்கோடாகச் சொல்லும்: சேகரிப்பானுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள டிகிரி வித்தியாசத்தை வெயிலின் வாட்டால் வகுத்தது கூடக்கூடத் திறன் இறங்கும். கோடு எங்கே தொடங்குகிறது என்பது உள்ளே புகும் ஒளியின் பங்கு. எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது என்பது இழப்பு. நல்ல பூச்சுள்ள தகட்டுக்கு வழக்கமான தொடக்கம் 0.75, இறக்கம் 4.5. குழாய் அடுக்கின் முழுப் பரப்பையும் கணக்கில் எடுத்தால் தொடக்கம் 0.60, இறக்கம் 1.5 என்று வைக்கலாம். குழாய்க்கும் குழாய்க்கும் நடுவிலுள்ள இடைவெளியில் விழும் வெயில் வீண் என்பதால்தான் தொடக்கம் தாழ்கிறது. பெட்டியின் பரப்பை விட்டுவிட்டுக் குழாயின் பரப்பை மட்டும் எடுத்துக்கொண்டு "90 சதவீதத் திறன்" என்று அச்சடிக்கும் விளம்பரத் தாள்கள் உண்டு. அதை நம்பி மாடியை அளக்க வேண்டாம்.

இந்த எண்களை மதுரையில் போட்டுப் பார்ப்போம். காற்று 30 டிகிரி, சேகரிப்பானில் சராசரி 45 டிகிரி, வெயில் 800 வாட். தகட்டின் திறன் 67 சதவீதம் வருகிறது. குழாய் 57 சதவீதம்தான். தகடு தெளிவாக முந்துகிறது. ஊட்டிக்குப் போவோம். காலைக் காற்று 10 டிகிரி, சேகரிப்பானில் 50. இரண்டும் சரியாக 52.5 சதவீதத்தில் வந்து நிற்கின்றன. இப்போது மேகம் மூடி வெயில் 600 வாட்டாக இறங்கட்டும், தண்ணீரும் 60 டிகிரியை எட்டட்டும். தகடு 37.5 சதவீதத்துக்குச் சரிய, குழாய் 47.5-ல் நிற்கிறது. கடைக்காரர் சொன்னதில் உண்மையான பாதி இதுதான். வெளியே குளிர், உள்ளே சூடு, வெயில் மந்தம் என்று மூன்றும் சேரும்போது குழாய்க்கு இணை இல்லை.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் தகட்டுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. டிசம்பர், ஜனவரி இரவுகளில் வானம் தெளிந்திருந்தால், காற்று உறைநிலைக்கு இரண்டு மூன்று டிகிரி மேலே இருந்தாலும் தகடு வானத்தை நோக்கி வெப்பத்தை வீசிவிட்டு உறைநிலைக்குக் கீழே போகலாம். உள்ளே தண்ணீர் பனிக்கட்டியானால் செம்பு வெடித்துவிடும். உறைதடுப்பான் கலந்த மூடிய சுற்று இல்லாமல் அங்கே தகடு வைப்பது வீண் வம்பு.

ஆக, சமவெளிக்குத் தகடு என்று முடித்துவிடலாமா? முடியாது. குறுக்கே கடினநீர் என்னும் உப்புத் தண்ணீர் நிற்கிறது.

போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், சூடேற ஏறக் கார்பனேட்டாகப் படியும். பெரும்பாலான உப்புகள் சூட்டில் நன்றாகக் கரையும். இது அதற்கு நேர்மாறு. தகட்டின் முதுகிலுள்ள குழாய் அரை அங்குலம்தான். இந்த அமைப்பில் பம்பு கிடையாது. சூடான தண்ணீர் இலேசானதால் மேலே ஏற, குளிர்ந்தது கீழே இறங்கும் அந்த மெல்லிய தள்ளுதல் மட்டுமே ஓட்டம். குழாயின் உட்சுவரில் இரண்டு மில்லிமீட்டர் வெண்படிவு ஏறினாலே ஓட்டம் திணறும். செம்பு 390 வாட்/மீ.கெ. அளவில் வெப்பம் கடத்தும் என்ற பெருமை எல்லாம் அதன்மேல் 1, 2 வாட்டுக்குக் கடத்தும் உப்புச் சுவர் எழுந்தபின் எடுபடாது. தகடு கொதிக்கும், டேங்க் தண்ணீர் சூடேறாமலே கிடக்கும். அமிலம் விட்டுக் கழுவ ஆள் கூப்பிட வேண்டியதுதான்.

கண்ணாடிக் குழாயில் வாய் அகலம், உள்சுவர் வழவழப்பு. உப்பு உதிர்ந்து அடியில் சேறாகத் தங்கும். தண்ணீரை வடித்துவிட்டு, குழாயை ரப்பர் வளையத்திலிருந்து திருகி உருவிக் கழுவி மாட்டிவிடலாம். அடியில் சேறு சேர்வதிலும் பெரிய நஷ்டமில்லை என்பேன். நீளமான குழாய்களின் அடிமுனையில் தண்ணீர் அசையாமல் தேங்கக்கூடும் என்பதை ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் கிரஹாம் மாரிசன் குழுவினர் 2000-களில் காட்டினார்கள். தேங்கும் இடத்தில் சேறும் தேங்கிவிட்டுப் போகட்டும்.

அதற்காகக் குழாய் சாதுவானது என்று எண்ண வேண்டாம். கோடை நடுப்பகலில் டேங்க் வற்றிக் கிடந்தால் காலிக் குழாயின் உள்சுவர் 200 டிகிரியைத் தாண்டும். அந்த நேரம் பார்த்து மோட்டாரைப் போட்டால் பச்சைத் தண்ணீர் பட்டுப் பட்டென்று விரிசல் விடும். ஒன்று உடைந்தாலும் டேங்கின் தண்ணீர் முழுவதும் அதன் வழியே போய்விடும். பிரஷர் பம்பு வைத்த வீடுகளுக்கும் இந்த வகை ஆகாது. அங்கே ஹீட் பைப் (தண்ணீர் கண்ணாடிக்குள் போகாமல், மூடிய செம்புக் குழல் வெப்பத்தைக் கடத்தும் வகை) வைத்த குழாயோ தகடோதான். குரங்கு நடமாட்டமுள்ள ஊரில் இருப்பவர்களுக்கு 4 மில்லிமீட்டர் டஃபன்ட் கண்ணாடி மூடிய தகட்டின் அருமையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என் தீர்ப்பு: கடினநீர் ஊரில் குழாய், ஆற்றுத் தண்ணீரோ மென்னீரோ வரும் சமவெளி வீட்டில் தகடு, மலையில் யோசிக்காமல் குழாய். உப்புத் தண்ணீர் வீட்டில் தகடுதான் வேண்டும் என்றால் வெப்பமாற்றி (இரண்டு திரவங்களும் கலக்காமல் வெப்பம் மட்டும் கைமாறும் பாகம்) வைத்த மாடல் வாங்க வேண்டும். அது இன்னும் செலவு.

இனி ஆய்வுக்கூடத்திலிருந்து வரும் போட்டியாளர்கள். தண்ணீரில் நானோ துகள்களைக் கலந்து கடத்துதிறனைக் கூட்டும் நானோஃப்ளூயிட் என்ற கருத்தை 1995-ல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் சோய் முன்வைத்தார். அதன்பின் கட்டுரைகள் கொட்டோ கொட்டென்று கொட்டின. அலுமினா கலந்த நீரைத் தகட்டில் ஓட்டியதில் திறன் 28.3 சதவீதம் உயர்ந்தது என்று 2012-ல் ஒரு கட்டுரை வந்தது. இன்றும் மாணவர்கள் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. நல்ல செம்புத் தகட்டில், தகட்டிலிருந்து தண்ணீருக்கு வெப்பம் போவதில் ஏற்படும் குறையை அளக்கும் காரணி ஏற்கெனவே 0.9-க்கு மேல் இருக்கும். திரவம் எவ்வளவு உயர்ந்ததானாலும் மீதமுள்ள அந்த 10 சதவீதத்துக்குள்தான் விளையாட முடியும். அதற்கு மேல் லாபம் வந்தால், ஒன்று தொடக்கத்தில் இருந்த தகடு மோசமானது, இல்லையென்றால் அளவீட்டைத் திரும்பப் பார்க்க வேண்டும். கடத்துதிறன் பற்றிய பெரிய எதிர்பார்ப்பும் 2009-ல் அடங்கியது. 30-க்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் ஒரே மாதிரிகளைப் பிரித்துக்கொண்டு அளந்தபோது, 19-ஆம் நூற்றாண்டு மேக்ஸ்வெல் கோட்பாட்டின் வழிவந்த கணக்கே முடிவுகளோடு பொருந்தியது. மந்திரம் ஏதும் தென்படவில்லை. எப்படியும் அலுமினாத் துகளைக் குளிக்கும் தண்ணீரில் கலக்க முடியாது. அதற்குத் தனிச் சுற்று, பம்பு, வெப்பமாற்றி எல்லாம் வேண்டும். வெப்பமாற்றியில் இழக்கும் சில டிகிரிகளே கிடைத்த லாபத்தைத் தின்றுவிடும்.

மெழுகை உருக்கி வெப்பத்தைச் சேமிக்கும் மெழுகு டேங்க் இதைவிடக் கொஞ்சம் நேர்மையான போட்டியாளர். பாரஃபின் உருகும்போது கிலோவுக்குச் சுமார் 200 கிலோஜூல் வாங்கிக்கொள்ளும். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் தண்ணீர் 25-லிருந்து 60-க்கு ஏறும்போதே கிலோவுக்கு 147 கிலோஜூல் வைத்துக்கொள்கிறது, இலவசமாக. செம்புக்கு 390 என்ற அதே அளவில் மெழுகின் கடத்துதிறன் 0.2 மட்டுமே. காலையில் அவசரமாகக் குளிக்கும்போது உள்ளிருக்கும் வெப்பம் வெளியே வர மனம் வைக்காது. அதைச் சரிக்கட்டக் கிராஃபைட், உலோக நுரை, துடுப்புகள் என்று சேர்க்கிறார்கள். சில டிகிரி வித்தியாசத்துக்குள் வெப்பம் சேமிக்கும் வேலைகளுக்கு இது பொருத்தம். வீட்டு டேங்குக்கு இன்னொரு 50 லிட்டர் தண்ணீர் சேர்ப்பது மலிவு.

தகட்டையும் குழாயையும் சேர்த்தே வீட்டுக்கு அனுப்பக்கூடியது வேறொன்று: சோலார் கரண்ட் பேனலும் ஹீட் பம்பும். பேனலின் திறன் 20 சதவீதத்தை ஒட்டியது என்பதால் வெப்பத் துறைக்காரர்கள் அதை நீண்ட காலம் கேலி செய்தார்கள். 540 வாட் பேனல் ஒன்று நம் ஊரில் நாளுக்கு ஏறத்தாழ 2 யூனிட் தரும். நேராக ஹீட்டர் காயிலுக்குக் கொடுத்தால் 2 யூனிட் வெப்பம்தான், தேவையில் பாதி. அதையே ஹீட் பம்பில் கொடுத்தால் சுற்றுக் காற்றிலிருந்தும் வெப்பம் இழுத்து, ஒன்றுக்கு மூன்றாக 6 யூனிட் தண்ணீரில் சேர்க்கும். இரண்டரைச் சதுர மீட்டர் பேனலில் இது தகட்டுக்கு நிகரான அறுவடை. கோடையில் சுடுதண்ணீர் வேண்டாத மாதங்களில் தகடு சும்மா வெந்துகொண்டிருக்கும். பேனலோ ஃபிரிட்ஜை ஓட்டும். 2024-ல் வந்த மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டம் பேனலுக்கு மானியம் தருவதால் கணக்கு இன்னும் சாய்கிறது.

குறை, ஹீட் பம்பின் விலையும் அதன் கம்ப்ரஸரும்தான். நாலு பேர் வீட்டுக்கு மட்டும் என்றால் இன்றைக்கு நான் குழாயோ தகடோதான் வாங்குவேன். விடுதி, மருத்துவமனை, ஆண்டு முழுக்கச் சுடுதண்ணீர் ஓடும் எந்த இடமானாலும் ஹீட் பம்புக்கு விலைப்புள்ளி கேட்காமல் குழாய்க்கு ஆர்டர் கொடுக்க மாட்டேன்.